தீமையும் நல்ல கடவுளும்: கணக்கு எந்த வரியில் உதைக்கிறது?

(புனைபெயரில் ஒருவர் கேட்க, மற்றவர்கள் தங்கள் புனைபெயர்களில் எழுதிய பதில்கள்)

நெய்தற்பறை – கேள்வி

புறநானூற்றில் 194-ஆம் பாட்டு, பக்குடுக்கை நன்கணியார் பாடியது. ஒரு வீட்டில் சாப்பறை கொட்டுகிறது, இன்னொரு வீட்டில் மணமுழவு அதிர்கிறது. துணையோடு இருப்பவள் பூச்சூடுகிறாள், பிரிந்தவளுக்குக் கண்ணீர் நிற்கவில்லை. இப்படி ஒரு உலகத்தைப் படைத்தவனைப் புலவர் 'பண்பிலாளன்' என்றே சொல்லிவிடுகிறார். திருக்குறள் 1062 அதற்கும் ஒரு படி மேலே போகிறது: பிச்சை எடுத்துத்தான் ஒருவன் உயிர் வாழவேண்டும் என்றால், உலகத்தை இயற்றியவனும் அப்படியே அலைந்து கெடட்டும் என்கிறது. 'உலகியற்றியான்' என்றால் அரசன் என்று பொருள் சொல்பவர்களும் உண்டு. பரிமேலழகர் படைத்தவன் என்றே கொள்கிறார். ஆக, இது வெளியிலிருந்து நம்மிடம் வந்த கேள்வி இல்லை.

கேட்க வந்தது இதுதான். கடவுள் எல்லாம் வல்லவர், எல்லாம் அறிந்தவர், முழுக்க நல்லவர். ஆனாலும் தீமை இருக்கிறது. இவை ஒன்றாக நிற்குமா? 'எல்லாம் வினை', 'இது சோதனை', 'மனிதனுக்குக் கொடுத்த சுதந்திரம்', 'அவன் கணக்கு நமக்குப் புரியாது' என்று நான்கு பதில்கள் எங்கு பார்த்தாலும் கிடைக்கின்றன. எந்தப் பதில் எந்தக் கேள்விக்கு உரியது? ஒவ்வொன்றும் எந்த மூட்டில் விட்டுப்போகிறது?

பொதுவாகப் பேசினால் எல்லாப் பதிலும் சரியாகவே தெரியும். அதனால் ஒரு நிகழ்ச்சியை வைத்துச் சொல்லுங்கள். 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. காலை 6.29-க்குச் சுமத்ராவுக்கு அருகே கடலடியில் நிலம் நடுங்குகிறது. அளவு 9.1. ஒன்பது மணியளவில் அலை நாகப்பட்டினம் கரையில் ஏறுகிறது. வேளாங்கண்ணிக்கு வேண்டிக்கொள்ள வந்தவர்களும் அதில் போனார்கள், கடற்கரையில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளும் போனார்கள். உங்கள் பதில் அந்தக் கரையில் நிற்குமா என்று பாருங்கள். ஆத்திக நாத்திகச் சண்டை வேண்டாம்.

உரைகல்

முதலில் இரண்டு கேள்விகளைப் பிரித்துவிட வேண்டும். பாதிச் சண்டை இவை கலந்துபோவதால் வருவது. ஒன்று, கடவுளும் தீமையும் சேர்ந்திருப்பது முரணா, அதாவது சதுரமான வட்டம் போல நடக்கவே முடியாததா? இரண்டு, முரண் இல்லை என்றே வைத்துக்கொண்டாலும், நாம் காணும் துன்பத்தின் அளவும் வகையும் அப்படி ஒரு கடவுள் இல்லை என்பதற்குச் சான்றாகுமா?

முதல் கேள்வி பழையது. பண்டைக் கிரேக்கத் தத்துவவாதி எபிக்யூரஸ் பெயரில் வழங்கும் இந்த வாதம் அவருடைய எஞ்சிய எழுத்துகளில் இல்லை. 4-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லாக்டான்ஷியஸ் என்ற கிறிஸ்தவர் மறுப்பதற்காக எடுத்து எழுதியதால் நமக்குக் கிடைத்தது. அதற்குக் கறாரான வடிவம் கொடுத்தவர் தத்துவவாதி ஜே. எல். மேக்கி, 1955-இல் 'மைண்ட்' என்ற தத்துவ இதழில். அவர் ஒன்றைச் சரியாகக் கவனித்தார்: 'கடவுள் நல்லவர், வல்லவர், தீமை இருக்கிறது' என்று மட்டும் சொன்னால் முரண் வராது. இடையில் இரண்டு விதிகளைச் சேர்க்க வேண்டும். நல்லவர் தம்மால் முடிந்த மட்டும் தீமையை ஒழிப்பார் என்பது ஒரு விதி. வல்லவரால் முடிவதற்கு எல்லை இல்லை என்பது மற்றது. இந்த இரண்டையும் ஏற்றால்தான் பூட்டு விழும். ஆகவே கடவுள் பக்கம் வாதாடும் எவரும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் தளர்த்துகிறார். எதைத் தளர்த்துகிறார் என்று பார்த்தாலே அவர் வாதத்தின் பாதி விளங்கிவிடும்.

கடவுள் பக்கம் வாதாடிய தத்துவவாதி ஆல்வின் பிளாண்டிங்கா 1974-இல் தளர்த்தியது இரண்டாவது விதியை. மேக்கி கேட்டிருந்தார்: தன் விருப்பத்தாலேயே எப்போதும் நல்லதைச் செய்யும் மனிதர்களைப் படைத்திருக்கலாமே? பிளாண்டிங்காவின் பதிலை இப்படிச் சொல்லலாம். ஒருவன் சாட்சிக்கூண்டில் ஏறுகிறான். அவன் பொய் சொல்லாத உலகத்தை நாம் நினைத்துப் பார்க்க முடியும். ஆனால் கட்டாயமில்லாமல் அந்த உலகம் வரவேண்டுமானால், உண்மை பேச வேண்டியவன் அவன். அவன் வாயைக் கடவுள் அசைத்தால் அது அவன் பேசிய உண்மை ஆகாது. எனவே நினைத்துப் பார்க்கக்கூடிய உலகங்களில் சில, எவ்வளவு வல்லவராலும் தனியாக உண்டாக்க முடியாதவை. எந்த மனிதனைப் படைத்தாலும் அவன் ஒருமுறையாவது தவறுவான் என்ற நிலை இருந்திருக்கக்கூடும் என்று காட்டிவிட்டால் போதும், முரண் உடைந்தது. மேக்கி மறைந்தபின் 1982-இல் வெளிவந்த நூலில், தீமை இருப்பதால் மட்டும் ஆத்திகத்தின் மையக் கொள்கைகள் ஒன்றோடொன்று முரண்படுவதாகக் காட்டிவிட முடியாது என்று அவரே ஓரளவு விட்டுக்கொடுக்கிறார்.

இங்கேதான் பலர் வெற்றிக்கொடி நாட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். பிளாண்டிங்கா காட்டியது 'இருக்கக்கூடும்' என்பதை மட்டுமே; 'இப்படித்தான் இருக்கிறது' என்பதை அல்ல. கொலைக்குற்றம் சாட்டப்பட்டவன் அந்த நேரத்தில் வேறு ஊரில் இருந்திருக்கக்கூடும் என்று காட்டினால், அவன் செய்தது நடக்கவே முடியாததல்ல, செய்யாததும் நடக்கவே முடியாததல்ல என்பது வரைதான் வருகிறது. சாட்சியங்களை இனிமேல்தான் பார்க்க வேண்டும்.

அந்தச் சாட்சியத்தை 1979-இல் வில்லியம் ரோ முன்வைத்தார். அவர் எடுத்துக்கொண்டது ஒரு மான்குட்டி. தொலைதூரக் காட்டில் இடி விழுந்து பட்டமரம் எரிகிறது, தீ பரவுகிறது, குட்டி வெந்து சில நாள் துடித்துச் சாகிறது. பார்க்க மனிதர் யாரும் இல்லை. அதனால் யாருக்கும் இரக்கம் வளரவில்லை, எவருடைய சுதந்திரமும் இதில் சம்பந்தப்படவில்லை. அந்தச் சில நாள் வலியைச் சில நிமிடமாகக் குறைத்திருந்தால் எந்த நன்மை கெட்டிருக்கும்? எதுவும் தெரியவில்லை. தெரியவில்லை என்பதால் அநேகமாக எதுவும் இல்லை. ரோவின் வாதத்தில் எல்லாப் பாரமும் இந்தக் கடைசித் தாவலில்தான் இருக்கிறது.

அந்தத் தாவலைத்தான் 1984-இல் ஸ்டீபன் விக்ஸ்ட்ரா பிடித்தார். கொல்லையில் யானை நிற்கிறதா என்று வாசற்படியில் நின்று எட்டிப்பார்த்துச் சொல்லிவிடலாம். அரிசி மூட்டையின் வாயைப் பிரித்து மேலாகப் பார்த்துவிட்டு உள்ளே வண்டே இல்லை என்று சொல்ல முடியாது. இருந்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும் என்ற இடத்தில் மட்டுமே 'காணோம்' என்பது 'இல்லை' என்பதற்குச் சான்று. கடவுளின் காரணங்கள் யானையைப் போன்றவையா, வண்டைப் போன்றவையா? வண்டு என்கிறார் அவர். நீங்கள் கேட்ட 'அவன் கணக்கு நமக்குப் புரியாது' என்பதன் தேர்ந்த வடிவம் இது.

இதற்கு விலை உண்டு, அந்த விலை பெரியது. எந்தத் துன்பத்துக்குப் பின்னாலும் நமக்குத் தெரியாத நல்ல காரணம் இருக்கக்கூடும் என்றால், தண்ணீரில் தத்தளிக்கும் பிள்ளையைத் தூக்குவது சரியா என்பதும் ஐயத்துக்கு உரியதாகிவிடும். கடவுள் சொன்ன வாக்குறுதிகளுக்கும் அதே கதிதான். நம்மிடம் பொய் சொல்வதற்கும் நமக்குத் தெரியாத நல்ல காரணம் அவருக்கு இருக்கலாமே! இதற்குப் பதில்கள் எழுதப்பட்டிருக்கின்றன, ஆனால் இந்த இடம் இன்னும் இறுகவில்லை என்பதே என் மதிப்பீடு.

இனி உங்கள் கரைக்கு வருகிறேன். சுதந்திரம் என்ற பதில் கடலடித் தட்டுகளைத் தொடாது. தட்டு நகர்வதை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. ஆனால் சாவின் எண்ணிக்கையில் ஒரு பகுதியை அது தொடுகிறது. பசிபிக்கில் 1949 முதல் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் இருந்தது. இந்தியப் பெருங்கடலுக்கு 2004-இல் அப்படி ஒன்று இல்லை. ஹைதராபாத் மையம் வந்தது 2007-இல். 6.29-க்கும் ஒன்பதுக்கும் நடுவே இரண்டரை மணி நேரம் இருந்தது. கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் நடக்க அது தாராளம். 1755 நவம்பர் 1, எல்லாப் புனிதர் திருநாளன்று லிஸ்பனில் நிலம் நடுங்கியபோதும் இதே பேச்சு வந்தது. காலைப் பூசைக்குக் கூடியவர்கள்மேல் கோயில்கள் இடிந்தன, பிறகு தீ, பிறகு அலை. வோல்டேர் கடவுளின் நன்மையைக் கேள்வி கேட்டு எழுதினார். ரூசோ 1756-இல் அவருக்குக் கடிதம் எழுதி, ஆறேழு மாடி வைத்து இருபதாயிரம் வீடுகளை அங்கே நெருக்கிக் கட்டியது இயற்கை அல்லவே என்றார்.

ரூசோ சொன்னது பாதி சரி. மீதிப் பாதிக்கு, அதாவது தட்டுகள் ஏன் நகரவேண்டும் என்பதற்கு, 'சீரான இயற்கை விதி வேண்டும்' என்பார்கள். தீ ஒருநாள் சுட்டு மறுநாள் சுடாமல் இருந்தால் யாரும் எதையும் திட்டமிட முடியாது, பொறுப்பு என்ற சொல்லுக்கே இடமிராது. இதை ஏற்கலாம். ஆனால் விதி வேண்டும் என்பதிலிருந்து இந்த விதிதான் வேண்டும் என்பது வராது. சுட்டதும் கையை இழுத்துக்கொள்ள வலி உதவுகிறது, சரி. புற்று முற்றியவரின் கடைசி வார வலி எதிலிருந்து கையை இழுக்கச் சொல்கிறது?

சாம்பல்மேடு

'சோதனை', 'பாவத்தின் சம்பளம்' ஆகியவற்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். விவிலியத்தை வைத்து இதைச் சொல்கிறவர்கள் விவிலியத்தையே பாதியில் மூடிவிடுகிறார்கள்.

யோபு நூல் 42 அதிகாரம். யோபு பத்துப் பிள்ளைகளை ஒரே நாளில் பறிகொடுத்து, உடம்பெல்லாம் புண்ணாகிச் சாம்பலில் உட்கார்ந்திருக்கிறான். எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் மூவரும் வந்து ஏழு நாள் பேசாமல் அவனோடு உட்கார்ந்தார்கள். அந்த ஏழு நாளும் அவர்கள் செய்தது சரி. வாயைத் திறந்ததும் கெட்டது. நீ ஏதோ செய்திருக்கிறாய், இல்லாவிட்டால் இது வராது என்று மாறி மாறி வாதிடுகிறார்கள். கடைசி அதிகாரத்தின் 7-ஆம் வசனத்தில் கடவுள் எலிப்பாஸைப் பார்த்து, நீங்கள் என்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை, யோபு பேசினான் என்கிறார். கடவுளை நேருக்கு நேர் குற்றம் சாட்டியவனுக்கு நற்சான்று. கடவுளுக்காக வக்காலத்து வாங்கியவர்களுக்குக் கண்டனம். அதே சமயம் யோபு கேட்ட 'ஏன்' என்பதற்குப் பதிலே வரவில்லை. 38-ஆம் அதிகாரம் முதல் கடவுள் பேசுவதெல்லாம் கடலுக்கு எல்லை வைத்தது, காட்டுக்கழுதை, மலையாடு, முதலை போன்ற ஒரு பெருவிலங்கு பற்றித்தான். அது பதிலா, பதிலை மறுத்ததா என்று இன்றுவரை அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை. என் வாசிப்பில் அது மறுப்பு.

லூக்கா 13-இல் சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்த செய்தி வருகிறது. எருசலேமில் இருந்த மற்ற எல்லாரையும்விட அவர்கள் பெரிய குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, இல்லை என்று இயேசுவே சொல்கிறார். யோவான் 9-இல் பிறவிக் குருடனைக் காட்டி இவன் பாவமா, பெற்றோர் பாவமா என்று சீடர்கள் கேட்கும்போதும் இரண்டுமில்லை என்பதே பதில். வேளாங்கண்ணிக் கரையில் செத்தவர்களைப் பற்றி 'என்ன பாவமோ' என்று பேசும் கிறிஸ்தவர் தம் நூலுக்கே எதிராகப் பேசுகிறார்.

துன்பம் ஆன்மாவைப் பக்குவப்படுத்தும் பட்டறை என்ற விளக்கம் வேறு. ஜான் ஹிக் 1966-இல் அதை விரிவாகக் கட்டினார். அது இற்றுப்போகும் இடம் குழந்தைச் சாவு. மூன்று வயதில் அடித்துச்செல்லப்பட்ட பிள்ளை எதில் பக்குவப்பட்டது? ஹிக் இதை மறைக்கவில்லை. சாவுக்குப் பின்னும் அந்தப் பயணம் தொடர்ந்தாக வேண்டும், கடைசியில் எல்லாரும் கரைசேர்ந்தாக வேண்டும் என்கிறார். அந்த இரண்டையும் எடுத்துவிட்டால் அவர் கட்டிடம் நிற்காது.

கீழக்கரைக்காற்று

குழந்தைச் சாவு என்றதும் கலாம் எனப்படும் இஸ்லாமிய இறையியல் வாத மரபில் வழங்கும் மூன்று சகோதரர் கேள்வியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அபுல் ஹசன் அல்அஷ்அரி தம் ஆசிரியர் அல்ஜுப்பாயியிடம் கேட்டதாகச் சொல்வார்கள். அல்ஜுப்பாயி முஃதஸிலா என்ற இறையியல் பள்ளியின் அறிஞர். கடவுள் அடியாருக்கு எது மிக நல்லதோ அதையே செய்வார் என்பது அவர் நிலை.

மூன்று சகோதரர்கள். ஒருவன் நல்லவனாக வாழ்ந்து சுவர்க்கத்தில் உயர்ந்த இடம் பெற்றான், ஒருவன் மறுத்து வாழ்ந்து நரகம் போனான், ஒருவன் குழந்தையிலேயே இறந்தான். குழந்தை கேட்கிறது: எனக்கும் ஆயுள் கொடுத்திருந்தால் நானும் அந்த உயர்ந்த இடத்தைச் சம்பாதித்திருப்பேனே? கடவுள் சொல்வார்: நீ வளர்ந்தால் கெட்டுப்போவாய் என்று அறிந்தேன், உன் நன்மைக்காகவே முன்னதாக எடுத்துக்கொண்டேன். உடனே நரகத்திலிருந்து இரண்டாமவன் குரல் கொடுப்பான்: என்னைப் பற்றியும்தானே அறிந்திருந்தாய், என்னை ஏன் குழந்தையிலேயே எடுக்கவில்லை? ஆசிரியரிடம் பதில் இல்லை என்று கதை முடியும்.

ஒரு துன்பத்துக்குச் சொல்லும் நல்ல காரணம் பக்கத்துத் துன்பத்துக்கும் பொருந்த வேண்டும்; பொருந்தாவிட்டால் அது காரணமே அல்ல. இந்தக் கேள்வியின் கூர்மை அதுதான். அஷ்அரி மரபு இதிலிருந்து வெளியேறிய வழி, கடவுள் கட்டளையிடுவதே நன்மை, அவரை அளக்க வெளியில் அளவுகோல் இல்லை என்பது. முரண் அற்றுப்போகிறது. ஆனால் 'கடவுள் நல்லவர்' என்ற சொல்லுக்கு நம் வாயில் என்ன பொருள் மிஞ்சுகிறது என்ற கேள்வி அங்கே வந்து உட்காரும்.

திருநெறி

உரைகல் சொன்ன இரண்டு விதிகளை வைத்துக்கொண்டு சைவ சித்தாந்தத்தைப் பார்த்தால், அது தளர்த்துவது எதை என்பது உடனே தெரியும். இங்கே கடவுள் ஒன்றுமில்லாததிலிருந்து உலகத்தை ஆக்குபவர் அல்லர். பதி (இறைவர்), பசு (உயிர்), பாசம் (உயிரைக் கட்டும் தளை) மூன்றும் அனாதி, தொடக்கமில்லாதவை. உயிரை அவர் படைக்கவில்லை, உயிரை ஒட்டிக்கிடந்து அதன் அறிவை மறைக்கும் ஆணவ மலம் என்ற அழுக்கையும் படைக்கவில்லை. செம்பில் களிம்பு எப்போது ஏறியது என்று கேட்க முடியாது, செம்பு உள்ளபோதே உண்டு என்பார்கள். நெல்லுக்கு உமியும் தவிடும் போல என்பதும் அதற்கே. ஆகவே 'நல்லவர் ஏன் தீமையை உண்டாக்கினார்' என்ற கேள்வி இங்கே எழவே இடமில்லை. உண்டாக்கவில்லை, ஏற்கெனவே மூழ்கிக் கிடந்த உயிரை எடுக்க வந்தார்.

படைப்பின் நோக்கமே இதனால் மாறிவிடுகிறது. கேவல நிலையில் உயிர் இருட்டில் கிடக்கிறது, அறியவும் முடியாது, செய்யவும் முடியாது. அதற்கு உடம்பு, கருவி, உலகம், நுகர்ச்சி என்று தனு கரண புவன போகங்களை மாயை என்ற மூலப்பொருளிலிருந்து எடுத்துக் கொடுக்கிறார். இது சகல நிலை. மலம் அடங்கிய பின் வருவது சுத்த நிலை. இறைவரின் ஐந்தொழிலில் அழித்தல் என்பதைச் சிவஞான சித்தியார் என்ற சித்தாந்த நூல் இளைப்பாற்றல் என்றே சொல்கிறது. பிறந்து இறந்து களைத்த உயிருக்கு ஓய்வு. மறைத்தலும் அருளே.

வினை இங்கே எந்த வேலையைச் செய்கிறது என்பதிலும் தெளிவு வேண்டும். பிரம்மசூத்திரம் 2.1.34 கடவுள்மேல் வரும் இரண்டு குற்றச்சாட்டைப் பெயர் சொல்லியே எடுத்துக்கொள்கிறது: பாரபட்சம், இரக்கமின்மை. வினைக்கு ஏற்ப வழங்குவதால் இரண்டும் இல்லை என்பது பதில். மழை எல்லா நிலத்துக்கும் ஒன்றுதான், நெல் நெல்லாகவும் வரகு வரகாகவும் முளைப்பது விதையால் என்று சங்கரர் விளக்குவதன் சாரம். முதல் பிறவியில் வினை ஏது என்ற மறுப்பை அடுத்த சூத்திரம் அனாதி என்று தள்ளுகிறது. சித்தாந்தம் இதனோடு ஒன்றைச் சேர்க்கிறது: வினை அறிவில்லாத சடம், தானாகப் போய்ச் செய்தவனைப் பிடிக்காது, அறிந்து ஊட்ட ஒருவர் வேண்டும். ஊட்டுவது தண்டனையாக அல்ல, மருத்துவமாக. ஒரு நோயை வைத்தியர் அறுத்துக் கீறித் தீர்க்கிறார், இன்னொன்றை மருந்தைப் பாலில் கலந்து கொடுத்துத் தீர்க்கிறார். இரண்டும் கருணையே என்பது சித்தியார் உவமை. முன்னதை மறக்கருணை என்கிறோம்.

ரோவின் மான்குட்டியும் இங்கே ஓர் உயிர், எழுவகைப் பிறப்பில் ஒன்றில் நிற்பது. விலங்கின் வலி கணக்குக்கு வெளியே விழவில்லை. மூன்று வயதுப் பிள்ளையின் பயணமும் மூன்று வயதோடு முடியவில்லை. சாம்பல்மேடு சொன்ன ஹிக், தம் கட்டிடத்துக்குக் கேட்கும் சாவுக்குப் பிந்திய தொடர்ச்சி இங்கே அடித்தளத்திலேயே இருக்கிறது.

வெறுங்கிளை

திருநெறி அழகாகக் கட்டிவிட்டார். கட்டிடம் எங்கே கசிகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

வைத்தியர் உவமையில் நோயாளிக்குத் தெரிந்தவை இரண்டு: தனக்கு நோய் இருக்கிறது, இவர் வைத்தியர். வினைக்கணக்கில் இரண்டும் மறைந்திருக்கின்றன. எதற்காக என்று நினைவில்லாதவனைத் திருத்த முடியாது. அடி விழுகிறது என்று மட்டும் அவனுக்குத் தெரியும். மான்குட்டி நிலை இன்னும் மோசம். வெந்து சாவதிலிருந்து அது எதைக் கற்றுத் தேறும்? வினை கழிந்தது என்றால் அது பேரேட்டில் ஒரு வரி நேரானது, அவ்வளவே. மருத்துவம் ஆகாது.

அடுத்தது செய்தவன் கதை. ஒருவன் இன்னொருவனை வெட்டுகிறான். வெட்டுப்பட்டது வினைப்பயன் என்றால், வெட்டியவன் கடவுளின் கத்தி. அவனுக்கு ஏன் புது வினை ஏற வேண்டும்? அவன் கெட்ட எண்ணத்தால் செய்தான், அந்த எண்ணத்துக்குப் பயன் என்பார்கள். அப்படியானால் அவன் மனம் மாறியிருந்தால் வெட்டுப்பட வேண்டியவன் பிராரத்தம், அதாவது இந்தப் பிறவியில் அவன் நுகர வேண்டிய வினை, என்ன ஆகும்? வேறு ஒருவன் வெட்டியே ஆகவேண்டும். யாராவது ஒருவன் கெட்டே தீரவேண்டிய ஏற்பாடு அது.

இதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, இந்த வாதம் தெருவில் இறங்கும்போது நடப்பது. 1934 ஜனவரி 15, பிகாரிலும் நேபாளத்திலும் பெரும் நிலநடுக்கம், ஆயிரக்கணக்கில் சாவு. காந்தி அப்போது தீண்டாமைக்கு எதிரான பயணத்தில் தென்னிந்தியாவில் இருந்தார். அதே மாதம் திருநெல்வேலிக் கூட்டத்தில், இது நம் பாவத்துக்குக் கடவுள் அனுப்பிய தண்டனை என்று தாம் நம்புவதாகச் சொன்னார். பாவம் என்று அவர் சொன்னது தீண்டாமையை. நோக்கம் எவ்வளவு உயர்ந்தது என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனாலும் தாகூர் கடுமையாக மறுத்து எழுதினார், 'ஹரிஜன்' இதழ் அதைக் காந்தியின் பதிலோடு வெளியிட்டது. தாகூரின் வாதத்தை மறுப்பது கடினம்: இயற்கைப் பேரிடருக்குக் காரணம் இயற்கையில்தான் இருக்கும். பாவம் செய்தவர்கள் பத்திரமாக இருக்க, யாரோ ஏழைகளின்மேல் வீடு இடிந்து விழுவது எந்த நீதி? அதோடு, இதே வாதத்தை எதிர்த்தரப்பும் எடுத்துக்கொள்ளலாம். தீண்டாமையை விட முயன்றதற்குத்தான் இந்தத் தண்டனை என்று ஒரு சனாதனி சொல்லியிருந்தால், நிலநடுக்கத்தைப் பார்த்து எது சரி என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எந்தப் பாவத்தையும் மாட்டக்கூடிய ஆணியில் எந்தப் பாவமும் நிற்காது.

காந்தி சமூகத்தின் பாவம் என்றார். தனியாள் வினை என்று சொல்லும்போது விஷயம் இன்னும் கூர்மையாகக் குத்துகிறது. ஊனத்தோடு பிறந்தவனிடமும், ஒதுக்கப்பட்ட சாதியில் பிறந்தவனிடமும் 'நீ கொண்டுவந்தது' என்று நூற்றாண்டுகளாகச் சொல்லப்பட்டிருக்கிறது. கொள்கை அதைச் சொல்லச் சொல்லவில்லை என்று திருநெறி சொல்லலாம். சொல்ல இடம் கொடுக்கிறதா இல்லையா?

நெய்தற்பறை

எல்லாருக்கும் நன்றி. திருநெறி ஐயாவிடம் ஒன்று. 'அனாதி' என்பது பதிலா, இல்லை இதற்குமேல் கேட்காதே என்று போட்ட தடுப்பா? செம்பு களிம்போடு இருந்தது என்றால், அப்படி இருந்தது யாருக்கும் குற்றமில்லை, சரி. ஆனால் தேய்த்து எடுக்க வல்லவர் பக்கத்திலேயே அனாதியாக நிற்கிறாரே. ஏன் இன்னும் களிம்பு இருக்கிறது?

திருநெறி

தடுப்புதான். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எல்லாரும் எங்கேயாவது ஒரு தடுப்புப் போடத்தான் செய்கிறார்கள். ஒருவர் கடவுளின் விருப்பத்தில் போடுகிறார், ஒருவர் கட்டளையில், ஒருவர் உலகம் இப்படித்தான் இருக்கிறது என்பதில். சித்தாந்தத்தின் தடுப்பு துன்பத்தின் மூலத்தைக் கடவுளின் கையிலிருந்து எடுத்துவிடுகிறது. அதற்காக 'எல்லாம் வல்ல' என்ற சொல்லைச் சுருக்கிக்கொள்கிறது. அனாதியான பொருளை அழிக்க அவராலும் ஆகாது, அதன் சக்தியை அடக்கத்தான் முடியும். முத்தியிலும் மலம் அழிவதில்லை, சூரியன் முன் இருள்போல் வலியிழந்து கிடக்கும். இந்தச் சுருக்கத்தை மறைத்துப் பேசும் சைவர்கள் தங்கள் நூலுக்கு நியாயம் செய்யவில்லை.

வெறுங்கிளைக்கு: இடம் கொடுக்கிறது. அந்தக் கறை மறுக்க முடியாதது. நூல் வழியில் ஒன்று மட்டும் சொல்லலாம். ஒருவர் துன்பத்துக்கு எந்த வினை காரணம் என்று அறிபவர் இறைவர் ஒருவரே என்பது கொள்கையின் உறுப்பு. அதை எடுத்து அடுத்தவன் முகத்தில் எறிகிறவன் இறைவர் இடத்தில் உட்காருகிறான். மான்குட்டி பற்றிய உங்கள் கேள்விக்கும் வெட்டுப்பட்டவன் கேள்விக்கும் என்னிடம் முழுப் பதில் இல்லை. உயிர் அந்தப் பிறவியில் கற்பதில்லை, கழிப்பு மட்டுமே நடக்கிறது என்றுதான் சொல்ல முடியும். அது மருத்துவம் என்ற சொல்லைப் பலவீனப்படுத்துகிறது என்பது சரி.

இனி ஏன் இன்னும் களிம்பு என்பது. இதற்கு மரபு தரும் சொல் மலபரிபாகம். மலம் பழுத்தால்தான் கழலும், காயை அடித்துப் பறித்தால் காம்போடு தோலும் கிழியும். பழுக்க வைப்பது திரோதான சக்தி, அதாவது இறைவரின் மறைக்கும் சக்தி. இறைவரின் சக்தியே மலத்தோடு நின்று அதைத் தொழிற்படுத்துவதால், உபசாரமாக, பெயரளவில், அதையும் மலம் என்று எண்ணுவார்கள். இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. பழுக்க வைப்பவர் அவரே, பழுக்கும் காலம் உயிருக்கு உயிர் வேறு. அந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது? வினையிலிருந்து என்றால், வினை பக்குவத்தைப் பொறுத்தது, பக்குவம் வினையைப் பொறுத்தது என்று வட்டமடிக்கும். ஆணவத்தின் சக்திகள் பல, உயிர்தோறும் வெவ்வேறாகப் பற்றியிருக்கின்றன என்பது உரை மரபின் பதில். அந்த 'வெவ்வேறாக' என்பதும் அனாதி. உங்கள் கேள்வி போய் நிற்கிற இடம் அந்தச் சொல்தான். நாகப்பட்டினக் கரையில் ஒரு பிள்ளையை அலை கொண்டுபோய், கைபிடித்து நின்ற இன்னொரு பிள்ளையை விட்டுவைத்ததற்கு இந்த மரபில் கிடைக்கும் கடைசி வரியும் அதுவே.